மகுடம் சூடாத மகாராணிகள்
மைசூரில் தலைப்பாகை ஆண்களுக்கு, ஜடையும் மல்லிகையும் பெண்களுக்கு. அரச குலப் பெண்கள் தலையில் அணிந்ததும் அணியாததும் சொல்லும் கதையைத் தேடி ஒரு நகர் உலா.

மைசூர் அரண்மனைக்குள் நுழையும் பயணிகள் பெரும்பாலும் மேலே பார்த்தபடியேதான் நடக்கிறார்கள். எண்கோண வடிவக் கல்யாண மண்டபத்தின் கூரை அப்படிப்பட்டது. மயில் உருவங்கள் பதித்த வண்ணக் கண்ணாடி அது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து வார்ப்பிரும்புத் தூண்கள் அதைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் கழுத்து வலி தீரப் பார்வையைக் கொஞ்சம் இறக்கினால் இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. சுவர்களைச் சுற்றி 1930களின் தசரா ஊர்வலக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. யானைகள், குதிரைகள், ராணுவம், பாண்டு வாத்தியக் குழு, சமஸ்தான அதிகாரிகள், அம்பாரியில் மகாராஜா என்று நகரமே அந்தச் சுவர்களில் நடந்து போகிறது.

அந்த ஓவியங்களைத் தலைகளாக மட்டும் பாருங்கள். எங்கு பார்த்தாலும் தலைப்பாகைதான். சிப்பாய்க்கு ஒன்று, சேவகனுக்கு ஒன்று, திவானுக்கு ஒன்று, மன்னருக்கு ரத்தினம் பதித்த ஒன்று. தலையைப் பார்த்தே ஆளின் தகுதியைச் சொல்லிவிடலாம். அப்புறம் ஒரு சந்தேகம் எழும். ராணிகள் எங்கே? ஊர்வலத்தில் அவர்கள் இல்லை. அரண்மனையின் மேல்மாடங்களில், வெளியார் பார்வை படாத இடங்களில் இருந்து விழாக்களைக் காண்பதே அரச குலப் பெண்களின் வழக்கமாக இருந்தது.

இங்கிலாந்தில் ஒரு ராணி பொது நிகழ்ச்சிக்குப் புறப்பட்டால் அன்று அவர் அணிந்த தொப்பியே பத்திரிகைகளுக்குச் செய்தி. மைசூரில் ராணிகளுக்குத் தொப்பியும் இல்லை, தலைப்பாகையும் இல்லை. ஆனாலும் இந்த ஊரின் சரித்திரத்தில் சில முக்கியமான கட்டங்களில் பெண்களின் தலைதான் பேசியிருக்கிறது.

பேட்டா என்னும் கௌரவம்

தமிழில் பேட்டா என்றால் சினிமா தொழிலாளிக்கும் லாரி டிரைவருக்கும் தரும் தினப்படி. மைசூரில் பேட்டா என்றால் தலைப்பாகை. பட்டு அல்லது பருத்தித் துணியை மடிப்பு மடிப்பாகச் சுற்றி, ஜரிகைப் பட்டை தெரியும்படி அமைப்பது. உடையார் மன்னர்கள் உடைக்குப் பொருத்தமான நிறத்தில் இதை அணிந்து, அதன்மேல் ரத்தின ஆபரணங்களைச் சூடினார்கள். திவான்களும் விட்டுவைக்கவில்லை. செங்கல்பட்டுச் சீமையிலிருந்து போய் 1881-ல் மைசூர் திவானான ரங்காச்சார்லு முதல், பொறியியல் மேதை விஸ்வேஸ்வரய்யா வரை எல்லோரையும் நாம் பேட்டாவோடுதான் நினைவில் வைத்திருக்கிறோம். விஸ்வேஸ்வரய்யாவின் சிலையிலிருந்து அந்தத் தலைப்பாகையை எடுத்துவிட்டால் பலருக்கு ஆளே அடையாளம் தெரியாது.

மன்னராட்சி போனது. பேட்டா போகவில்லை. கர்நாடகத்தில் ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால் சால்வை, மாலை, பழத்தட்டு, பேட்டா என்று வரிசை. சில பல்கலைக்கழகங்கள் பட்டமளிப்பு விழாவில் மேல்நாட்டுச் சதுரத் தொப்பிக்குப் பதில் பேட்டாவைக் கொண்டுவந்தன. அரண்மனையைச் சுற்றியுள்ள கடைகளிலும் தேவராஜா மார்க்கெட் பக்கமும் இது விற்பனைக்குக் கிடைக்கிறது. தலையிலேயே நேரடியாகக் கட்டுகிற வேலை இப்போது குறைவு. அட்டை அல்லது துணிக் கூட்டின்மேல் சுற்றித் தைத்த ரெடிமேட் சரக்குதான் அதிகம். கல்யாண மாப்பிள்ளை அளவு பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

மாப்பிள்ளைக்கு உண்டு. மணப்பெண்ணுக்கு? அவளுக்கு வேறு ஏற்பாடு. அதை அறிய இருநூறு ஆண்டுகள் பின்னால் போகவேண்டும்.

மூன்று பெண்களும் ஒரு ஊசியும்

2007-ல் லண்டனின் சதபீஸ் ஏல நிறுவனத்துக்கு ஒரு பழைய எண்ணெய் ஓவியம் வந்தது. அயர்லாந்தில் பிறந்த தாமஸ் ஹிக்கி 1805-ல் வரைந்தது. மூன்று இந்தியப் பெண்கள் நிற்கிறார்கள். உடம்பெல்லாம் நகை. அவர்கள் நாட்டியப் பெண்கள் அல்லது தாசிகள் என்றே அதற்குமுன் கருதப்பட்டு வந்தது. அந்தக் கருத்தை மாற்றியவர் நைஜல் சான்ஸலர் என்ற வரலாற்றாசிரியர். இவர்கள் மைசூர் அரச குடும்பத்துப் பெண்கள் என்றார் அவர். அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, கைகளில் உள்ள தங்க வளைகள். மற்றது, தலையில் உள்ள அலங்காரம். இரண்டுமே உடையார் ராணிகளுக்கு உரியவை என்பது அவர் வாதம்.

சான்ஸலரின் கணிப்புப்படி நடுவில் நிற்பவர் லட்சுமி அம்மணி. திப்பு சுல்தான் 1799-ல் வீழ்ந்தபின் சிறுவனான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் ஏற்றப் பாடுபட்ட பாட்டி. தம் கணவரை அம்மைக்குப் பறிகொடுத்தவர். இருபுறமும் நிற்பவர்கள் இளம் ராஜாவின் மனைவிகள். இருவருக்கும் பெயர் தேவஜம்மணி. ஒருத்தியின் மூக்குக்குக் கீழும் வாயைச் சுற்றியும் தோல் நிறம் மாறியிருக்கிறது. அது பழைய நாட்டுமுறையில், அம்மைப் பொருக்கைக் கொண்டு வைத்தியம் செய்ததன் அடையாளம். இன்னொருத்தி சேலையை விலக்கி இடது கையைக் காட்டுகிறாள். அந்த இடத்தில்தான் அவளுக்குப் புதிய முறையில் அம்மை குத்தப்பட்டது.

இங்கிலாந்தின் எட்வர்ட் ஜென்னர் 1796-ல் கண்டுபிடித்த தடுப்பூசி இந்தியாவை எட்டியது 1802 ஜூனில். பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு முதலில் குத்தப்பட்டது. மாட்டு அம்மையிலிருந்து எடுத்தது என்பதால் பலருக்குத் தயக்கம். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மருந்து மாற்றப்பட்டதால் சாதி பற்றிய அச்சம் வேறு. பழைய முறையில் அம்மை குத்திவந்தவர்களுக்கோ பிழைப்பு போய்விடுமே என்ற கவலை. இந்த நிலையில் அரச குடும்பத்துப் பெண்களே குத்திக்கொண்டார்கள் என்றால் ஜனங்களின் பயம் தெளியும். ஓவியத்தின் நோக்கம் அதுதான் என்கிறார் சான்ஸலர்.

யோசித்துப் பாருங்கள். வெளியார் கண்ணில் படாமல் வாழ்ந்த பெண்கள், ஒரு வெள்ளைக்கார ஓவியரின் முன் கையைக் காட்டி நிற்கிறார்கள். அவர்கள் ராணிகள் என்பதைப் பார்ப்பவர்கள் தெரிந்துகொண்டால்தான் அந்தத் துணிச்சலுக்குப் பலன். அதை அறிவிக்கும் வேலை தலை அலங்காரத்துக்கு. பிறகு வந்த தலைமுறைகள் அந்த அலங்காரத்தைப் படிக்க மறந்துபோனபோது, ராணிகள் நாட்டியப் பெண்களாகிவிட்டார்கள்.

ராக்கொடி முதல் குஞ்சலம் வரை

அந்தத் தலை அலங்காரம் தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. பரதநாட்டிய மேடையிலும் கல்யாண மண்டபத்திலும் நாம் தலைசாமான் என்று சொல்வதுதான். வகிட்டுக்கு இருபுறமும் சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, நெற்றியில் சுட்டி, உச்சிக்குப் பின்னே ராக்கொடி, அதிலிருந்து இறங்கும் ஜடைநாகம், ஜடை நெடுகப் பில்லைகள், நுனியில் குஞ்சலம். கன்னடத்திலும் நாகர ஜடை, ஜடெபில்லெ என்று பெயர்கள் கூடப் பக்கத்துவீட்டு உறவுதான்.

மேல்நாட்டுத் தொப்பி தலையை மூடும். இது மூடாது. கூந்தல்தான் துணி, நகைதான் வேலைப்பாடு. தொப்பியின் அழகெல்லாம் முன்பக்கம். ஜடையின் அழகெல்லாம் பின்பக்கம். ஊர்வலத்தில் முன்னால் வந்து நிற்காத பெண்களுக்கு, கோயிலில் சாமியை நோக்கி நிற்கும்போது பின்னால் இருப்பவர்கள் காணும்படி ஓர் அலங்காரம். ஏழைகளுக்கும் அதில் வழி இருந்தது. தங்கத்துக்குப் பதில் மல்லிகை மொட்டுகளைக் கோத்து ஜடை முழுவதும் தைத்துவிடலாம். ‘மொக்கின ஜடெ’ என்பார்கள். நம் ஊரில் பூத்தைத்தல்.

அதற்கான சரக்கு தேவராஜா மார்க்கெட்டில். பூக்கடை வரிசையில் மல்லிகைப் பந்துகள் குவிந்து கிடக்கின்றன. முழக் கணக்கில் அளந்து தருகிறார்கள். மைசூர் மல்லிகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. பழங்காலக் கட்டடத்தின் ஒரு பகுதி 2016-ல் இடிந்து விழுந்தது. மொத்தத்தையும் இடித்துக் கட்டுவதா, பழுதுபார்ப்பதா என்ற சர்ச்சை அதன்பின் நீண்டகாலம் ஓடியது. பூவுக்குப் பொருத்தமாகச் சேலை வேண்டுமென்றால் மானந்தவாடி சாலையில் அரசுப் பட்டு ஆலை. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1912-ல், சுவிட்சர்லாந்திலிருந்து தருவித்த விசைத்தறிகளுடன் தொடங்கியது. தலைப்பை இழுத்துத் தலையில் போட்டால் நழுவுகிற வழவழப்பு மைசூர் பட்டுக்கு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டே நடப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும்.

தலை அலங்காரத்தில் யாருக்கு எது என்ற வகுத்தலை வீட்டுக்குள்ளேயே பார்க்க வேண்டுமா? நவராத்திரிக்கு மைசூர் வாருங்கள். கொலுவில் மேல்படியில் ‘பட்டத கொம்பெ’ என்ற ஜோடி வீற்றிருக்கும். செம்மரத்தில் செய்த ராஜா, ராணி. நம் ஊர் மரப்பாச்சியேதான். கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பார்கள். ஆண்டுதோறும் புதுத் துணி கட்டி அலங்கரிப்பார்கள். ராஜா பொம்மைக்குத் தலைப்பாகை, ராணி பொம்மைக்குக் கூந்தலும் பூவும் நகையும். அரண்மனையில் இருப்பதைப் பார்த்து வீட்டுப் பெண்கள் செய்தது, தலைமுறை தாண்டி வந்துகொண்டிருக்கிறது.

நகை என்றதும் மைசூர்க்காரர்கள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1610-ல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா தன் நகைகளோடு தலக்காட்டுப் பக்கம் போய்விட்டாள். நகைகளைக் கேட்டு ஆள் வந்தபோது, தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்துக் காவிரியில் குதித்தாள் என்பது கதை. கதை கதைதான். ஆனால் தலக்காட்டுக் கோயில்கள் மணலில் புதைந்தது கண்கூடு. மைசூர் வம்சத்தில் தத்து எடுப்பது அடிக்கடி நேர்ந்ததும் சரித்திரம். அரண்மனையே அலமேலம்மாவுக்கு வழிபாடு நடத்துகிறது.

அரசாண்ட விதவை

1894 டிசம்பரில் கல்கத்தா போன பத்தாம் சாமராஜேந்திர உடையார் அங்கேயே தொண்டை அடைப்பான் நோயில் இறந்தார். பட்டத்து இளவரசருக்குப் பத்து வயது. அரசி கெம்பநஞ்சம்மணிக்கு இருபத்தெட்டு. பூவும் பொட்டும் ஆபரணமும் விதவைக்கு மறுக்கப்பட்ட காலம். அந்தப் பெண்தான் 1895 முதல் 1902 வரை ரீஜெண்டாக இருந்து சமஸ்தானத்தை நடத்தினார். திவானாக முதலில் இருந்தவர் பாலக்காட்டுத் தமிழரான சேஷாத்ரி ஐயர்.

அவர் பொறுப்பேற்ற சில ஆண்டுகளில் சோதனைகள் வரிசையாக வந்தன. 1897-ல் மூத்த மகள் ஜெயலட்சம்மணியின் திருமணத்தின்போது மரத்தாலான பழைய அரண்மனை தீப்பிடித்துச் சேதமடைந்தது. 1898-ல் பிளேக் நோய். ஆனால் புதிய அரண்மனைக்கு உத்தரவிட்டதும் அவர்தான். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடப் பணியிலும், எழும்பூரில் விக்டோரியா நினைவு மண்டபத்திலும் முத்திரை பதித்த ஹென்றி இர்வினே இதற்கும் கட்டடக் கலைஞர். 41 லட்ச ரூபாய்க்கும் மேல் செலவாகி 1912-ல் பணி முடிந்தது. காவிரியின் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து 1902-ல் கோலார் தங்கவயலுக்கு அனுப்பத் தொடங்கியதும் இவர் ரீஜெண்டாக இருந்த காலத்துச் சாதனை. ஹிரியூர் அருகே வேதாவதி ஆற்றின் குறுக்கே அமைந்த அணைக்கு இவரது பட்டப் பெயரே வைக்கப்பட்டது. அது வாணி விலாஸ சாகர். 1902 ஆகஸ்ட் 8-ம் தேதி, வைஸ்ராய் கர்ஸன் பிரபு மைசூர் வந்திருக்க, ஆட்சியை மகனிடம் ஒப்படைத்தார். அந்த விழா நடந்தது ஜகன்மோகன் அரண்மனை வளாகத்தில். இன்று அது ரவிவர்மா ஓவியங்கள் இருக்கும் கலைக்கூடம்.

மைசூரில் அரச குலப் பெண்களின் முகங்களைவிடப் பெயர்கள்தான் அதிகம் கண்ணில் படும். மானசகங்கோத்ரி வளாகத்தில் ஜெயலட்சுமி விலாஸ் மாளிகை. மூத்த இளவரசிக்காகக் கட்டியது, பிற்பாடு நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகமானது. மூன்றாம் இளவரசி செலுவஜம்மணியின் மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அவர் பெயரில் மகளிர் மருத்துவமனையும் உண்டு. இன்னொரு இளவரசி கிருஷ்ணஜம்மணி காசநோய்க்குப் பலியானார். அவர் நினைவாக 1921-ல் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவமனைக்கு அவர் பெயரே சுருக்கெழுத்தாக ஒட்டிக்கொண்டது. ஆட்டோக்காரரிடம் ‘பி.கே.டி.பி.’ என்றால் கொண்டுபோய் விடுவார். அந்த எழுத்துகளுக்குள் ஓர் இளவரசி இருக்கிறாள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

தொப்பி வந்த கதை

தலையில் அணிவது அழகுக்கு மட்டுமல்ல, ஆளை அடையாளம் காட்டவும்தான் என்பதற்கு 1911 நல்ல உதாரணம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் டிசம்பர் 7-ம் தேதி டெல்லிக்குள் நுழைந்தபோது யானைமேல் வரவில்லை. ராணுவ உடையில், வெயில் தொப்பியோடு, குதிரையில் வந்தார். கூட்டத்தில் பலருக்கு ராஜா யார் என்றே தெரியவில்லை. ஐந்து நாள் கழித்து நடந்த தர்பாரில், இதற்கென்றே செய்த கிரீடத்தை அணிந்து உட்கார்ந்தபின்தான் சந்தேகம் தீர்ந்தது.

அதே தர்பாருக்கு வந்த மன்னர்கள் கூட்டத்தில் ஆட்சி உரிமை கொண்ட ஒரே பெண், போபால் பேகம் சுல்தான் ஜஹான். அவர் பிரச்னைக்கு அவரே ஒரு வழி கண்டிருந்தார். முகத்தை மறைக்கும் பர்தா, அதன்மேல் கிரீடம். முகத்தைக் காட்டாமலே தான் யார் என்று காட்டினார். மதமும் பதவியும் ஒரே தலையில் சண்டையில்லாமல் உட்கார்ந்த காட்சி அது.

தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரி. புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்டில் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். தொப்பி இல்லாமல் தெருவில் இறங்காத சமூகத்தில் வளர்ந்தவர் மோலி. புதுக்கோட்டை வந்த புதிதில் அவருக்கு அரளி விஷம் கொடுக்க முயற்சி நடந்தது. பிரிட்டிஷ் அரசு அவரை ராணியாக ஏற்கவே இல்லை. 1916-ல் தம்பதி ஆஸ்திரேலியா திரும்பினார்கள். மகன் பட்டத்துக்கு உரியவன் அல்ல என்றாகிவிட, ராஜா பிற்பாடு ஆட்சியையே விட்டு விலகிப் பிரான்சில் வாழ்ந்தார். தொப்பிக்காரி ராணியாவதை ஊரும் விரும்பவில்லை, வெள்ளைக்கார அரசும் விரும்பவில்லை.

மைசூர் அரச குடும்பத்துக்கும் தொப்பி ராணிக்கும் ஒரு சந்திப்பு நடந்தது, ஆட்சி போனபிறகு. 1961 பிப்ரவரியில் எலிசபெத் ராணி பெங்களூர் வந்தபோது மைசூர் மாநில ஆளுநராக இருந்து வரவேற்றவர் ஜெயசாமராஜ உடையார். ஒரு பக்கம் ஆட்சியில் இருந்தும் அதிகாரம் இல்லாத அரசி. மறு பக்கம் ஆட்சி போயும் ஆளுநராக இருந்த அரசர். எலிசபெத்தின் தொப்பிக்குச் சில விதிகள் இருந்தன. கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் தெரியும்படி பளிச்சென்ற நிறம் வேண்டும். முகத்தை மறைக்கிற அகலமான விளிம்பு கூடாது. ஜனங்கள் மணிக்கணக்கில் காத்திருப்பது ராணியைப் பார்க்கத்தானே. 1997 அக்டோபரில் சென்னைக்கு வந்து, ‘மருதநாயகம்’ படத் தொடக்க விழாவில் கலந்துகொண்டாரே, அதே ராணிதான். மைசூரில் பெண்களை மறைக்க என்னென்ன ஏற்பாடுகள் நடந்தனவோ, அவ்வளவு ஏற்பாடு லண்டனில் ஒரு பெண்ணைக் காட்டுவதற்காக நடந்தது.

கொக்கின் விலை

தொப்பிக்கும் மைசூருக்கும் எதிர்பாராத இன்னொரு தொடர்பு உண்டு. அதைப் பார்க்க ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் ரங்கனதிட்டுக்குப் போகவேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம், காவிரியின் நடுவே சிறு தீவுகள். பரிசல்காரரும் படகுக்காரரும் மெதுவாகக் கூட்டிப்போவார்கள். பாறைமேல் முதலை வெயில் காயும். மரங்களில் நாரைகள், அரிவாள்மூக்கன்கள், வெண்கொக்குகள்.

இனப்பெருக்கக் காலத்தில் வெண்கொக்கின் முதுகில் மெல்லிய இழை இழையான இறகுகள் முளைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய, அமெரிக்கச் சீமாட்டிகளின் தொப்பிகளுக்கு இந்த இறகுதான் உச்சகட்ட நாகரிகம். எடைக்கு எடை தங்கத்தைவிட அதிக விலைக்குப் போனது. இறகு முளைப்பது குஞ்சு பொரிக்கும் காலத்தில் மட்டுமே. எனவே தாயைச் சுட்டால் கூட்டில் குஞ்சுகளும் பட்டினியில் சாகும். ஒரு தொப்பிக்குப் பின்னால் ஒரு குடும்பமே போனது.

இதை எதிர்த்தவர்களும் பெண்களே. இங்கிலாந்தில் 1889-ல் இறகுத் தொப்பிகளுக்கு எதிராகப் பெண்கள் தொடங்கிய சங்கம்தான் அந்நாட்டின் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பாக வளர்ந்தது. இந்தியாவிலிருந்து பறவை இறகுகளை ஏற்றுமதி செய்ய 1902-ல் தடை வந்தது. 1906-ல் அலெக்ஸாண்ட்ரா ராணி தாம் அந்த இறகுகளை அணிவதில்லை என்று எழுதித் தெரிவித்தார். பொது இடத்தில் ராணி எதை அணிகிறாள் என்பது சில்லறை விஷயம் அல்ல. நாகரிகத்தைத் தொடங்கிவைப்பதும் அதை முடித்துவைப்பதும் அந்தத் தலைதான்.

பறவையியல் அறிஞர் சலீம் அலியின் யோசனையின் பேரில் மைசூர் சமஸ்தானம் 1940-ல் ரங்கனதிட்டைச் சரணாலயமாக அறிவித்தது. 2022-ல் ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. நம் வேடந்தாங்கலுக்கும் அதே ஆண்டில்தான் அந்தக் கௌரவம். தங்கள் முதுகில் முளைக்கும் இறகுக்கு ஒரு காலத்தில் என்ன விலை என்று அறியாமல் கொக்குகள் கூடு கட்டிக்கொண்டிருக்கின்றன.

சிம்மாசனத்தில் கத்தி

2013 டிசம்பர் 10-ம் தேதி ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் வாரிசு இல்லாமல் இறந்தார். மறு ஆண்டுத் தசராவில் அரண்மனைக்கு ஒரு கேள்வி. அரச பரம்பரையின் தனி தர்பாரில் சிம்மாசனத்தில் யார் உட்காருவது? மனைவி பிரமோதா தேவி இருந்தார். சடங்குகளை நடத்துகிற பொறுப்பும் அவருடையதே. ஆனால் சிம்மாசனத்தில் வைக்கப்பட்டது பட்டத்துக் கத்தி. பெண் உட்கார முடியாத இடத்தில் கத்தி உட்கார்ந்தது. 1895-ல் ஒரு விதவை ராணி மகனுக்காக ஆண்டார். 2015 பிப்ரவரியில் இன்னொரு விதவை ராணி யதுவீரைத் தத்தெடுத்து மகனாக்கினார். அதே மே மாதம் யதுவீருக்குப் பட்டம் சூட்டப்பட்டது. 2016 ஜூன் 27-ல் ராஜஸ்தானின் டுங்கர்பூர் அரச குடும்பத்து திரிஷிகா குமாரியுடன் அரண்மனையிலேயே திருமணம். 2024 தேர்தலில் யதுவீர் மைசூர் எம்.பி.யும் ஆகிவிட்டார். தசராவின்போது மட்டும் பேட்டா, ரத்தினம், சிம்மாசனம். திரிஷிகா பாதபூஜை செய்யும் படங்கள் பத்திரிகைகளில் வருகின்றன. சுவர் ஓவியத்தில் இல்லாத ராணி புகைப்படத்தில் வந்துவிட்டாள்.

ஊர்வலமும் மாறிவிட்டது. 1970களிலிருந்து சுமார் 750 கிலோ தங்க அம்பாரியில் போவது ராஜா அல்ல, சாமுண்டீஸ்வரி. மைசூர் தெருக்களில் மகுடம் சூடி, யானைமேல், எல்லோரும் பார்க்கப் பவனி வரும் ஒரே அரசி அவள்தான். அந்த விழாவைத் தொடங்கிவைக்க 2022-ல் வந்தவர் ஜனாதிபதி திரௌபதி முர்மு. ஒரு ஜனாதிபதி மைசூர் தசராவைத் தொடங்கிவைத்தது அதுவே முதல் தடவை. 2025-ல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற எழுத்தாளர் பானு முஷ்டாக் அழைக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தள்ளுபடி ஆனது. அவர் வந்து மலர் தூவினார். அந்த மேடைக்கு வர அரச குலத்தில் பிறந்திருக்கத் தேவையில்லை என்றாகிவிட்டது. ஆனாலும் யார் வரலாம் என்ற சண்டை ஓய்ந்துவிடவில்லை.

சென்னையிலிருந்து மைசூர் சுமார் 500 கிலோமீட்டர். இரவு காவேரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் இறங்கலாம். பகலில் வந்தே பாரத். அரண்மனைக்கும் ஜகன்மோகனுக்கும் ஒரு நாள், ரங்கனதிட்டுக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் ஒரு நாள், தலக்காட்டுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அருங்காட்சியகங்கள் மராமத்துக்காக அவ்வப்போது மூடப்படுவதுண்டு. விசாரித்துக்கொண்டு போவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மாலை இருந்தால் அரண்மனை விளக்குகள் ஏற்றப்படுவதைத் தவறவிடாதீர்கள். சிவசமுத்திரத்து மின்சாரத்துக்கு வழிவிட்டதும், இந்த அரண்மனையை எழுப்ப உத்தரவிட்டதும் ஒரே பெண்தான்.